‘ம்ம்’னு சொன்ன மாமா

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

பின்னாடி ‘டர்ர்ர்’னு ஒரு சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. எங்க வீடு ஐயப்பன்தாங்கல்ல, மவுண்ட் - பூந்தமல்லி ரோட்டுல இருந்து ரெண்டு தெரு தள்ளி. மெட்ரோ வேலை நடக்குது. பகல்ல ரெக்கார்ட் பண்ணா மெட்ரோ, ராத்திரி பண்ணா நாய். இதுக்கு நடுவுலதான் இந்த ஷோ ஓடிட்டு இருக்கு.

இன்னிக்கு சொல்லப் போறது ஜனவரி 16, 2025, காணும் பொங்கல் அன்னிக்கு நடந்தது. சொல்லலாமா வேணாமான்னு ரெண்டு வாரம் யோசிச்சேன். ஏன்னா இதுல நான் நல்லவனா வரமாட்டேன். கடைசில அக்காதான், “சொல்லுடா, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்”னா. அதனால சொல்றேன்.

முதல்ல எங்க குடும்பம். அப்பா, அம்மா, நான். ரெண்டு தெரு தள்ளி அக்கா. அக்காவுக்கு ரெண்டு பசங்க. பெரியவளுக்கு ஆறு வயசு, சின்னவனுக்கு நாலு. அக்கா நர்ஸ், அவங்க வீட்டுக்காரருக்கு வெளியூர்ல வேலை. அதனால லீவு நாள்ல பசங்க எங்க வீட்லதான்.

அப்பாவைப் பத்தி கொஞ்சம் சொல்லணும். சட்டைப் பையில எப்பவும் ஒரு பால்பாயின்ட் பேனா இருக்கும். கேஸ் சிலிண்டர் மாத்துன தேதியை காலண்டர்ல எழுதுவார், ஊறுகாய் போட்ட தேதியை பாட்டில்ல எழுதுவார். வாட்ச்மேன் நம்பரை ஸ்விட்ச் போர்டு பக்கத்துல சுவத்துலயே எழுதி வச்சிருக்கார். “அப்பா, அதான் போன்ல இருக்கே”ன்னு சொன்னா, “போன்ல சார்ஜ் இல்லன்னா?”ன்னு கேப்பார். நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். எங்க டீம்ல இதையே ‘பேக்கப்’னு சொன்னா கைதட்டுவாங்க. வீட்ல அப்பா சொன்னா சிரிப்போம்.

என் கிறுக்கு வேற மாதிரி. எங்க போனாலும் அந்த இடத்தோட சத்தத்தை ரெக்கார்ட் பண்ணணும். கோயம்பேடு மார்க்கெட், ஐயப்பன்தாங்கல் டிப்போ, கல்யாண வீட்டுப் பந்தி எல்லாம் ஹார்ட் டிஸ்க்ல ஃபோல்டர் ஃபோல்டரா கிடக்கு. இந்தக் கிறுக்குதான் இன்னிக்குக் கதையோட வில்லன்.

காணும் பொங்கல்னா சொந்தக்காரங்களைப் போய்ப் பாக்குறது, பெரியவங்க கால்ல விழுந்து காசு வாங்குறது. சென்னைல அது மெரினா, வண்டலூர் ஜூ, கிண்டி சிறுவர் பூங்கான்னு ஆயிடுச்சு. கொரோனா சமயத்துல 2021, 2022 ரெண்டு வருஷமும் அன்னிக்கு பீச்சை மூடிட்டாங்க. அந்த ரெண்டு வருஷமும் அம்மா புளிசாதம் கட்டி மொட்டை மாடில உக்கார வச்சு சாப்பாடு போட்டாங்க. அம்மாவுக்கு அது அவ்ளோ முக்கியம்.

எனக்கு அன்னிக்கு மெரினான்னாலே அலர்ஜி. அவ்ளோ கூட்டம், டிராஃபிக் எல்லாம் திருப்பி விட்டிருப்பாங்க. ஆனா பெரியவ, “மாமா, நீ வரலைன்னா யாரு பெரிய பஜ்ஜி வாங்கித் தருவா?”ன்னு கேட்டுட்டா. தாய்மாமனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்? கிளம்பியாச்சு.

பஸ்லதான் போனோம். வெள்ளை போர்டு பஸ். அதுல அம்மாவுக்கும் பெரியவளுக்கும் டிக்கெட் இல்ல. அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைங்களுக்கு 2022-ல இருந்து டிக்கெட் இல்ல, அதனால சின்னவனும் ஃப்ரீ. அப்பாகிட்ட சீனியர் சிட்டிசன் டோக்கன், மாசத்துக்குப் பத்து குடுப்பாங்க. அஞ்சு பேர் போற பஸ்ல நான் ஒருத்தன்தான் காசு குடுத்தேன். அப்பா பெருமையா, “பாத்தியா, வீட்லயே அதிகமா சம்பாதிக்கிறவன் நீ”ன்னார்.

கிளம்பும்போது வாசல்ல ஒரு சின்ன சண்டை. அப்பா பேனாவை எடுத்து, ரெண்டு பசங்களோட முழங்கைக்கு உள்பக்கம் அவரோட போன் நம்பரை எழுதிட்டு இருந்தார். சின்னவனுக்குக் கூச்சம், நெளியறான். நான், “அப்பா, அங்க போலீஸே குழந்தைங்க கைல பட்டை கட்டுவாங்க. இதெல்லாம் எதுக்கு? பாக்க அசிங்கமா இருக்கு”ன்னேன். அப்பா பதில் சொல்லல. கடைசி நம்பரை எழுதி முடிச்சு ஊதினார், மை காயறதுக்கு.

அது உண்மைதான். காணும் பொங்கல் அன்னிக்கு மெரினால போலீஸ் உதவி மையம் வச்சு, குழந்தைங்க கைல பேரும் பெத்தவங்க போன் நம்பரும் எழுதின பட்டை கட்டுவாங்க. கடல்ல இறங்க அனுமதி கிடையாது, சவுக்குக் கட்டையால தடுப்பு கட்டியிருப்பாங்க. நாங்க போனதும் ஒரு லேடி கான்ஸ்டபிள் அழகா ரெண்டு பேருக்கும் கட்டி விட்டாங்க. நம்பர் கேட்டாங்க. நான் முந்திக்கிட்டு என் நம்பரைச் சொன்னேன்.

உழைப்பாளர் சிலைக்குப் பின்னாடி, மணல்ல பெட்ஷீட் விரிச்சோம். அந்தச் சிலை 1959-ல திறந்தது, தேபி பிரசாத் ராய் சௌத்ரி செஞ்சது. நாலு பேர் சேந்து ஒரு பாறையைத் தள்ளுவாங்க இல்ல? அதைப் பெரியவகிட்ட சொன்னேன். அவ கொஞ்ச நேரம் பாத்துட்டு, “இன்னுமா மாமா தள்ளி முடிக்கல?”ன்னா. மெட்ரோ ஞாபகம் வந்துச்சு எனக்கு. கலங்கரை விளக்கத்துல ஆரம்பிச்சு எங்க ஐயப்பன்தாங்கல் வழியா பூந்தமல்லி பைபாஸ் வரைக்கும் ஒரே லைன், 26 கிலோமீட்டர். முடிஞ்சா பசங்களைக் கூட்டிட்டு பீச்சுக்கு ஒரே ரயில்ல வந்துடலாம். பாறையைத் தள்ளிட்டுதான் இருக்காங்க.

இப்போ விஷயத்துக்கு வரேன். அம்மா அப்பாவைப் பெட்ஷீட்ல விட்டுட்டு, ரெண்டு பசங்களையும் கூட்டிட்டு தடுப்புப் பக்கம் நடந்தேன். ஒரு கைல சின்னவன், இன்னொரு கைல பெரியவ. அங்க ஒரு சத்தம் கேட்டுச்சு பாருங்க! ஒரு பக்கம் பலூன் சுடுற ‘டப் டப்’, ஒரு பக்கம் ‘தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல்’, ஒரு பக்கம் போலீஸ் மைக், பின்னாடி அலை. எனக்குக் கை துறுதுறுன்னுச்சு.

ரெக்கார்டரை எடுத்தேன். பக்கத்துல போன் இருந்தா ‘பிப் பிப்’னு இரைச்சல் விழும்னு போனை ஃபிளைட் மோட்ல போட்டேன். ஹெட்போன் மாட்டினேன். ரெக்கார்டர் பிடிக்க ஒரு கை வேணும் இல்ல? சின்னவன் கையை விட்டேன். “இங்கயே நில்லுடா கண்ணா, ரெண்டே நிமிஷம்”னு சொன்னேன்.

ஹெட்போனைக் கழட்டும்போது பெரியவ இருந்தா. சின்னவன் இல்ல.

அந்த நேரத்தை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. வயித்துல ஏதோ கழண்டு விழுந்த மாதிரி. முதல்ல கடலைத்தான் பாத்தேன். தடுப்பு இருக்கு, போலீஸ் நிக்குறாங்க, எல்லாம் தெரியுது. ஆனாலும் கண்ணு அங்கதான் போகுது. சிவப்பு டீ-ஷர்ட் போட்டிருந்தானா, மஞ்சளான்னு ஞாபகம் வரல. காலைல நான்தான் மாட்டி விட்டேன். ஞாபகம் வரல.

பெரியவளைத் தூக்கிட்டு ஓடினேன். “அவன் எங்கடி போனான்?”னு கத்தினேன். அவ, “குதிரை பாக்கப் போறேன்னு சொன்னான் மாமா. நீ ‘ம்ம்’னு சொன்ன”ன்னா. நான், “அவன் சொல்லவே இல்ல. பொய் சொல்லாத”ன்னேன். ஆறு வயசுக் குழந்தைகிட்ட.

குதிரைங்க நிக்குற இடத்துக்குப் போனேன், இல்ல. ராட்டினத்துக்கிட்ட போனேன், இல்ல. போலீஸ்கிட்ட போகணும்னு தோணவே இல்லங்க. அது எவ்ளோ முட்டாள்தனம்! அப்பா அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியாம பெட்ஷீட் பக்கம் திரும்பி ஓடினேன்.

அங்க சின்னவன் உக்காந்து புளிசாதம் சாப்பிட்டுட்டு இருந்தான்.

நடந்தது இதுதான். அவன் குதிரை பின்னாடியே போயிருக்கான். திரும்பிப் பாத்தா தெரிஞ்ச முகம் இல்ல. நின்ன இடத்துலயே நின்னு அழுதிருக்கான். சுண்டல் விக்குற ஒரு அக்கா பாத்து, உதவி மையத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. போலீஸ் பட்டையில இருந்த நம்பருக்கு, அதாவது எனக்கு, போன் பண்ணியிருக்காங்க. நான் ஃபிளைட் மோட்ல இருக்கேன். மூணு தடவை பண்ணியிருக்காங்க. அப்புறம் யாரோ அவன் முழங்கையைத் திருப்பிப் பாத்திருக்காங்க. பால்பாயின்ட் பேனா.

அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டல. “சாப்பிடு”ன்னு தட்டை நீட்டினார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது பஸ்ல செம கூட்டம். பெரியவ என் மடியில. மெதுவா, “மாமா, இதை அம்மாகிட்ட சொல்லலாமா?”னு கேட்டா. நான் வாயைத் திறந்தேன். ‘வேணாம்டா’ன்னு சொல்லத்தான் திறந்தேன். உண்மையா சொல்றேன், ‘வே’ வரைக்கும் வந்துடுச்சு. அதுக்குள்ள அவளே, “அம்மாகிட்ட சொல்லாதன்னு யாராவது சொன்னா, முதல்ல அம்மாகிட்டதான் சொல்லணும்னு எங்க மிஸ் சொன்னாங்க”ன்னா.

யோசிச்சுப் பாருங்க. குழந்தைங்களைத் தப்பா தொடுறவங்க முதல்ல சொல்றது இதானே, ‘அம்மாகிட்ட சொல்லாத’? அந்த வார்த்தையை அவங்களுக்குப் பழக்கப்படுத்துற முதல் ஆள் நானா இருக்கப் பாத்தேன். என் மானத்தைக் காப்பாத்திக்க. “சொல்லலாம்டா. நானே சொல்றேன்”னேன்.

அக்கா ராத்திரி டியூட்டி முடிச்சு வந்தா. நின்னுக்கிட்டே கேட்டா. “எவ்ளோ நேரம்?”னு மட்டும் கேட்டா. எனக்குத் தெரியல. அப்பதான் ரெக்கார்டர் ஞாபகம் வந்துச்சு. ஓடும்போது அதை நிறுத்தவே இல்ல. பாக்கெட்டுக்குள்ள ஓடிட்டே இருந்திருக்கு.

போட்டுக் கேட்டோம். 4 நிமிஷம் 12 செகண்ட்ல, அலை சத்தத்துக்கு நடுவுல, தெளிவா ஒரு குரல்: “மாமா, நான் குதிரை பாக்கப் போறேன்.” அடுத்து என் குரல்: “ம்ம்.” 6 நிமிஷம் 5 செகண்ட்ல நான் அவன் பேரைக் கத்துறேன். நடுவுல கிட்டத்தட்ட ரெண்டு நிமிஷம் எனக்கு எதுவும் தெரியல. 15 நிமிஷம் 20 செகண்ட்ல அம்மா, “எங்கடா போனே?”ன்னு கேக்குறாங்க. ஆக மொத்தம் பதினோரு நிமிஷம்.

எங்க டீம்ல ஒரு பழக்கம் உண்டு. சிஸ்டம் படுத்துட்டா, லாக் பாக்காம யாரையும் குத்தம் சொல்லக்கூடாது. லாக்ல தெளிவா இருந்துச்சு. அவன் சொல்லிட்டுத்தான் போனான். அவ உண்மையைத்தான் சொன்னா. பொய் சொன்னவன் நான். மறுநாள் காலைல முதல் வேலையா பெரியவகிட்ட சாரி கேட்டேன். “பரவால்ல மாமா”ன்னுட்டு, “ஆனா பஜ்ஜி வாங்கித் தரவே இல்ல”ன்னா.

அக்கா அன்னிக்கு ராத்திரி தூங்குற பையன் பக்கத்துல உக்காந்து, பாதி அழிஞ்ச அந்த நம்பரையே பாத்துட்டு இருந்தா. கையைத் துடைச்சு விடப் போன அம்மாவை, “இருக்கட்டும்மா”ன்னு தடுத்துட்டா. என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா: “நீயா வந்து சொன்னதாலதான் இனிமேலும் உன்கூட அனுப்புவேன். இவ சொல்லி எனக்குத் தெரிஞ்சிருந்தா அனுப்பியிருக்க மாட்டேன்.”

சரி, நீங்க யாராவது அக்கா பசங்களையோ அண்ணன் பசங்களையோ கூட்டிட்டு வெளிய போறதா இருந்தா, நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன். கிளம்பும்போது பசங்களை ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. என்ன கலர் சட்டைன்னு அந்த நேரத்துல ஞாபகம் வராது. ரெண்டு நம்பர் குடுங்க, ரெண்டும் வேற வேற ஆளோடதா இருக்கட்டும். காணாம போனா தேடி அலையாம நின்ன இடத்துலயே நிக்கணும்னு பசங்களுக்குச் சொல்லிக் குடுங்க. சின்னவனுக்கு அதைச் சொல்லிக் குடுத்ததும் அப்பாதான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. போலீஸ் இல்லன்னா, குழந்தையோட இருக்கிற ஒரு அம்மாகிட்டயோ கடை வச்சிருக்கவங்ககிட்டயோ போய்ச் சொல்லச் சொல்லுங்க. நீங்களும் தனியா ஓடாதீங்க, முதல்ல போலீஸ்கிட்ட போங்க, இல்லன்னா 112-க்குப் போடுங்க. குழந்தைங்களுக்கான உதவி எண் 1098. அப்புறம், ஃபிளைட் மோட்... அதை நான் சொல்லவே வேணாம்.

போன ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் எங்க கூட்டிட்டுப் போனேன் தெரியுமா? வீட்டுக்குப் பக்கத்துல, ஐயப்பன்தாங்கல் டிப்போ வாசலுக்கு. ஒரு மணி நேரம் நின்னு, வர்ற பஸ், போற பஸ் எல்லாத்துக்கும் டாட்டா காட்டினோம். சின்னவன் ஒவ்வொரு பஸ்ஸா நம்பர் சொல்ல, நான் “ம்ம்”னேன். உடனே பெரியவ என் தாடையைப் பிடிச்சுத் திருப்பி, “அவனைப் பாத்து சொல்லு மாமா”ன்னா.

அவனைப் பாத்துச் சொன்னேன். ரெக்கார்டர் வீட்ல இருந்துச்சு. அதனால அந்தச் சத்தம் உங்களுக்குப் போட்டுக் காட்ட என்கிட்ட இல்ல.

அடுத்த வாரம் பாப்போம் மக்களே.