கைப்பேசிக்குள் ஒரு கடைத்தெரு

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பௌர்ணமி நாளில் நமது அடி அண்ணாமலை வழியே செல்லும் கிரிவலப் பாதையின் இருமருங்கிலும் முளைக்கும் கடைகளை நாம் அனைவரும் அறிவோம். அங்கே பொருள் கண்ணுக்குத் தெரியும், விலை காதில் விழும், பிடிக்கவில்லையெனில் நடந்துவிடலாம். நம் பிள்ளைகளின் கைப்பேசிக்குள்ளும் ஒரு கடைத்தெரு இருக்கிறது. அதன் வணிக முறையை அறியாமல் பிள்ளைகளை மட்டும் கண்டிப்பதில் பயனில்லை என்றே நாம் கருதுகிறோம்.

இக்கடைத்தெரு பழமையானதன்று. கணினி விளையாட்டுகளுக்கான ஸ்டீம் 2003இல் தோன்றியது. ஆப்பிளின் ஆப் ஸ்டோரும், 2012இல் கூகுள் பிளே எனப் பெயர் மாறிய ஆண்ட்ராய்டு மார்க்கெட்டும் 2008இல் திறக்கப்பட்டன. இன்று கைப்பேசி விளையாட்டுகளில் பெரும்பாலானவை இலவசமாகவே கிடைக்கின்றன. இலவசமாகக் கொடுப்பவர் எவ்வாறு பிழைக்கிறார்?

2012இல் வெளிவந்த கேண்டி கிரஷ் சாகாவை எடுத்துக்கொள்வோம். ஆடுபவருக்கு ஐந்து 'உயிர்கள்' உண்டு. தோற்றால் ஒன்று போகும். அது திரும்பி வர அரைமணி நேரம் ஆகும். காத்திருக்க இயலாதவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். ஆக, அங்கே விலைபோவது விளையாட்டன்று, நமது பொறுமையின்மை! அதைத் தயாரித்த கிங் நிறுவனத்தை ஆக்டிவிஷன் பிளிசார்டு 2016இல் ஏறத்தாழ 590 கோடி டாலருக்கு வாங்கியதென்றால், அந்தப் பொறுமையின்மையின் சந்தை மதிப்பை நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். இது பிள்ளைகளின் பழக்கம் மட்டுமன்று. கல்லாவில் வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும், இஷாவுக்குப் பின் படுக்கையிலும் விரல் தேய்த்துக்கொண்டிருப்போர் பெரியவர்களே.

மற்றொரு தந்திரமும் உண்டு. விலை ரூபாயில் சொல்லப்படுவதில்லை. முதலில் ரூபாய் கொடுத்து வைரமோ நாணயமோ வாங்க வேண்டும். பிறகு அதைக் கொடுத்துச் சட்டையோ துப்பாக்கியோ வாங்க வேண்டும். இடையில் எவ்வளவு செலவாயிற்று என்பது பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியாது. பிள்ளைகள் அறியாமல் செய்த செலவுக்காக ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர அமெரிக்க வணிக ஆணையத்திடம் 2014இல் ஒப்புக்கொண்டது. ஃபோர்ட்நைட் விளையாட்டின் எபிக் நிறுவனம் 2022இல் ஒப்புக்கொண்ட தொகை 24.5 கோடி டாலர். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகளைப் பெல்ஜியம் நாடு 2018இல் சூதாட்டம் என்றே அறிவித்தது. சூதை ஹராம் என்று அறிந்த நமக்கு இதில் நீண்ட விளக்கம் தேவையில்லை.

நமது மாநிலமும் வாளாவிருக்கவில்லை. இணையவழிச் சூதாட்டத்திற்கு எதிரான தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை தடைசெய்த 2025ஆம் ஆண்டின் விதிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஜூன் மாதம் உறுதி செய்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றமே அத்தகைய ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றிற்று. ஆனால் பணம் திரும்பி வரும் எதிர்பார்ப்பில்லாத சாதாரண விளையாட்டுகள் இத்தடைக்குள் வருவதில்லை. அங்கே காவல் நிற்க வேண்டியவர் வீட்டார்தாம்.

இளைஞர்களுக்கும் ஒரு செய்தி. இக்கடைகளில் வாங்குவது பெரும்பாலும் சொந்தமாவதில்லை. ஆடுவதற்கான அனுமதி மட்டுமே கிடைக்கிறது. காசு கொடுத்து வாங்கியோர் பலர் இருந்தும், 'தி க்ரூ' என்னும் கார்ப்பந்தய விளையாட்டை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31இல் நிறுத்திவிட்டது. அதன்பின் அந்நிறுவனத்தின் சேவை வழியே அதை ஆட இயலவில்லை. தள்ளுபடி என்றதும் வாங்கிக் குவிப்போர் இதை நினைவிற்கொள்வது நலம்.

கூகுள் பிளேயின் அமைப்புகளில், ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைக்கலாம். யுபிஐ ரகசிய எண்ணைப் பிள்ளைகளிடம் சொல்லாதிருப்பது அதனினும் அவசியம். தவறுதலாகப் பணம் போயிருந்தால் 48 மணி நேரத்திற்குள் கூகுள் பிளேயிடமே திரும்பக் கேட்கலாம். அதற்குப் பின் விளையாட்டைத் தயாரித்தவரை அணுக வேண்டியிருக்கும். இவற்றைச் செய்யத் தெரியாதோர் ஜும்ஆவுக்குப் பின் கைப்பேசியுடன் வந்தால், நமது மஹல்லா இளைஞர்கள் உடனிருந்து செய்து தருவார்கள்.