காவல்துறைப் பணியும் நம் இளைஞர் கடமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும், பள்ளியில் இருப்போரைக் கல்லூரிவரை தாங்கிச் செல்வதுமே கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் ஏற்றுக்கொண்ட பணி. அப்பணியின் பயனாக இன்று நம்மிடையே பட்டதாரிகள் பலர் இருக்கின்றனர். ஆசிரியப் பணிக்கும், வங்கிப் பணிக்கும், அலுவலகப் பணிக்கும் செல்லும் வழியை நாம் ஓரளவு அறிந்திருக்கிறோம். காவல்துறையைப் பொறுத்தமட்டில், காவலர் பணிக்கு அப்பால் நம் எண்ணம் செல்வது அரிதாக இருக்கிறது. உதவி ஆய்வாளர், ஆய்வாளர், துணைக் கண்காணிப்பாளர் என்னும் இடைநிலை அதிகாரப் பதவிகளை அடையும் வழி யாது, அவற்றை நாம் ஏன் நாட வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

இப்பதவி ஏன்?

ஊரில் ஓர் அநீதி நிகழ்கிறது. பாதிக்கப்பட்டவர் காவல் நிலையம் செல்கிறார். அவர் சொல்வது முதல் தகவல் அறிக்கையாகப் பதிவாகுமா, வெறும் மனுவாக மேசைக்குள் போகுமா? எந்தச் சட்டப் பிரிவு எழுதப்படும்? சாட்சிகளின் வாக்குமூலம் எவ்வாறு குறிக்கப்படும்? குற்றப்பத்திரிகை எப்போது நீதிமன்றம் செல்லும்? இவற்றுள் பெரும்பாலானவை நிலையத்தில் இருக்கும் உதவி ஆய்வாளர், ஆய்வாளர் ஆகியோரின் எழுதுகோலில் அடங்கியுள்ளன. நீதிபதியின் முன் வழக்கு வருமுன்னரே அதன் பாதி விதி காவல் நிலையத்தில் எழுதப்பட்டு விடுகிறது.

துணைக் கண்காணிப்பாளர் பதவிக்கோ இன்னும் பெரிய பொறுப்பு உண்டு. பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன்கீழ் 1995-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதிகளில் ஏழாவது விதி, இச்சட்டப்படியான குற்றங்களைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்ய வேண்டும் என்கிறது. அவரை நியமிக்கும்போது அவருடைய அனுபவத்தையும், திறமையையும், நீதியுணர்வையும் கருத வேண்டும் என்றும் அவ்விதி சொல்கிறது. அறுபது நாட்களுக்குள் புலனாய்வை முடித்துக் குற்றப்பத்திரிகை அளிக்க வேண்டும் என்பது இன்றைய விதி. ஆகவே, துணைக் கண்காணிப்பாளர் நாற்காலியில் அமர்பவர் யார் என்பது நம் தெருக்களின் பாதுகாப்போடு நேரடித் தொடர்புடையது.

நம் முன்னோர் இதனை அன்றே உணர்ந்திருந்தனர். 1930-ஆம் ஆண்டு இலண்டன் வட்டமேசை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கரும் நம் தாத்தா இரட்டைமலை சீனிவாசனும் கூட்டாக அளித்த கோரிக்கைத் திட்டத்தில், அரசுப் பணிகளில் போதிய இடம் வேண்டும் என்பதும் ஒன்று. உயர்சாதி அதிகாரிகள் பதவிகளைத் தம்மிடமே வைத்துக்கொண்டு சட்டத்தை ஒடுக்கப்பட்டோர்க்கு எதிராக வளைக்கின்றனர் என்பதைக் காரணமாகக் காட்டி, பணியாளர் தேர்வுக்கென ஒவ்வொரு மாகாணத்திலும் தேர்வாணையம் அமைய வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினர். சென்னை மாகாணத்தில் 1929-ஆம் ஆண்டே அத்தகைய ஆணையம் தொடங்கப்பட்டிருந்தது. அதன் வழிவந்ததே இன்றைய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம். முன்னோர் வாதாடிப் பெற்ற வாயிலை நாம் தட்டாமல் விடுவது முறையன்று.

மூன்று வாயில்கள்

முதல் வாயில் காவலர் பணி. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 1991-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இத்தேர்வை நடத்துகிறது. இரண்டாம் நிலைக் காவலர், முதல் நிலைக் காவலர், தலைமைக் காவலர், சிறப்பு உதவி ஆய்வாளர் என ஏணி செல்கிறது. பணிமூப்பை மட்டுமே நம்பி இவ்வேணியில் ஏறுபவர் சிறப்பு உதவி ஆய்வாளர் ஆவதற்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழிந்து விடுகிறது. ஆனால் இந்த ஏணியின் பக்கத்திலேயே ஒரு குறுக்குப் படி உண்டு. நேரடி உதவி ஆய்வாளர் தேர்வில் துறையில் பணிபுரிவோர்க்கென 20 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அவர்களுக்கு வயது வரம்பிலும் பெருந்தளர்வு உண்டு. குடும்ப வறுமையால் உடனே ஊதியம் தேட வேண்டிய பிள்ளை காவலராகச் சேர்வதில் தவறில்லை. சேர்ந்ததும் புத்தகத்தை மூடிவிடுவதுதான் தவறு. பணியில் இருந்துகொண்டே பட்டம் பெற்று இத்தேர்வை எழுத வேண்டும்.

இரண்டாம் வாயில் நேரடி உதவி ஆய்வாளர் பணி. ஏதேனும் ஒரு பட்டம் வேண்டும். பொதுப் பிரிவினர்க்கு உச்ச வயது 30. பட்டியல் சாதியினர், அருந்ததியர், பழங்குடியினர்க்கு 35. தமிழ்த் தகுதித் தேர்வு, முதன்மை எழுத்துத் தேர்வு, உடல்திறன் தேர்வு, நேர்முகத் தேர்வு என்று படிகள் உண்டு. தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டு ஆகியவற்றின் சான்றிதழ்களுக்குச் சிறப்பு மதிப்பெண் தரப்படுகிறது. கல்லூரியில் சேர்ந்த முதலாண்டே இவற்றில் ஒன்றில் பெயர் கொடுக்க வேண்டும் என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்க. உதவி ஆய்வாளராக நுழைவோர் ஆய்வாளராகி, பலர் துணைக் கண்காணிப்பாளராகவும் அதற்கு மேலும் உயர்கின்றனர்.

மூன்றாம் வாயில் தேர்வாணையம் நடத்தும் தொகுதி ஒன்று தேர்வு. நேரடியாகத் துணைக் கண்காணிப்பாளர் ஆகும் வழி இதுவே. முதல்நிலைத் தேர்வில் 200 வினாக்கள், 300 மதிப்பெண். அதில் தேறியோர் தமிழ்த் தகுதித் தாளையும், தலா 250 மதிப்பெண் கொண்ட மூன்று பொது அறிவுத் தாள்களையும் எழுத வேண்டும். பின்னர் நேர்முகத் தேர்வு. விடைகளைத் தமிழிலேயே எழுதலாம். இவ்வாறு தேர்ந்தவர் குறைந்தது எட்டாண்டுப் பணிக்குப் பின் இந்தியக் காவல் பணிக்கு உயர்த்தப்படும் தகுதியைப் பெறுகிறார். அப்பணியின் மூத்த பதவிகளில் மூன்றில் ஒரு பங்குவரை மாநிலப் பணியினர்க்கு உரியது.

இவற்றுக்கு அப்பால், மத்தியத் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வு வழியே நேரடியாக இந்தியக் காவல் பணியில் சேரலாம். பட்டியல் சாதியினர்க்கு அதில் உச்ச வயது 37. அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். மத்திய ஆயுதக் காவற்படைகளின் உதவித் தளபதி பதவிக்கும் அதே ஆணையம் தனித் தேர்வு நடத்துகிறது.

மாநிலத் தேர்வுகளில் பட்டியல் சாதியினர்க்கு 18 விழுக்காடு. அதனுள் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அருந்ததியர்க்கு 3 விழுக்காடு. பழங்குடியினர்க்கு 1 விழுக்காடு. எஞ்சிய 31 விழுக்காட்டுப் பொது இடங்கள் பிறர்க்கு மட்டுமே உரியன என்று பலர் தவறாக எண்ணுகின்றனர். தகுதி மதிப்பெண் பெறும் எவர்க்கும் அவை திறந்தவை. தமிழ்வழியில் பயின்றோர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமையும் உண்டு. முதல் வகுப்பு முதலே தமிழில் பயின்றதற்குச் சான்று கேட்கப்படுவதால், ஒவ்வொரு பள்ளியிலும் சான்றிதழை உரிய காலத்தில் பெற்று வைக்க வேண்டும். மேல்நிலைப் பள்ளிப் படிப்பை விட்டுவிட்டுத் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் நேரே பட்டம் பெற்றால் அது இத்தேர்வுகளுக்குச் செல்லாது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பின்னர் பட்டம் என்ற வரிசை கட்டாயம்.

உடலைப் பேணுதல்

உதவி ஆய்வாளர் தேர்வில் ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ.; பட்டியல் சாதி, பழங்குடி ஆண்களுக்கு 167. பெண்களுக்கு 159; நம் பெண்களுக்கு 157. ஆண்கள் 1500 மீட்டரை ஏழு நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்திலும் ஓட வேண்டும். கயிறு ஏறுதல், தாண்டுதல், குண்டு எறிதல் முதலியன அடுத்து வருவன. அறிவிக்கை வந்த பிறகு ஓடத் தொடங்கினால் மூச்சு வாங்குமேயன்றி வெற்றி வாராது. பதினைந்து வயதிலேயே காலை ஓட்டத்தைப் பழக்கமாக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பெற்றோர் இப்பணிக்கு அனுப்பத் தயங்குதல் கூடாது. தமிழகக் காவல்துறையில் 1973-ஆம் ஆண்டு ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், இருபது காவலர் என்ற அளவில் பெண்கள் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டனர். 1992-ஆம் ஆண்டு சென்னை ஆயிரம் விளக்கில் மகளிர் காவல் நிலையம் தொடங்கப்பட்டது. இன்று அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் மாநிலமெங்கும் உள்ளன. கொடுமைக்குள்ளான நம் பெண் தன் துயரை வாய்விட்டுச் சொல்ல, அங்கே அவள் நிலையறிந்த ஓர் அதிகாரி இருத்தல் வேண்டும்.

வழக்கு என்னும் முள்

படிப்பும் ஓட்டமும் இருந்தும் நம் இளைஞரை வாயிலிலேயே தடுத்து நிறுத்தும் ஒன்று உண்டு. அது குற்ற வழக்கு. தேர்வில் வென்றோரின் முன்வரலாறு சரிபார்க்கப்படும்போது வழக்கு நிலுவையில் இருந்தால் பணி கிட்டாது. ஐயத்தின் பயனாலோ, சாட்சிகள் பிறழ்ந்ததாலோ விடுதலை பெற்றவரையும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதும் விதி தமிழகக் காவல் சார்நிலைப் பணியில் உள்ளது. ஊர்ப் பூசல் நேரும்போது நம் தரப்பு புகார் கொடுத்தால், எதிர்ப்புகார் ஒன்றும் பதிவாகி, அதில் கல்லூரி மாணவர்களின் பெயர்கள் சேர்க்கப்படுவதை நாம் அறிவோம். அந்த ஒரு வரியால் ஒரு தலைமுறையின் வாய்ப்பு அழிகிறது.

இதற்கு நாம் செய்ய வேண்டியன இரண்டு. பொய்யாக ஒரு மாணவர் பெயர் சேர்க்கப்பட்டால், ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடாமல் உடனே வழக்கறிஞரைக் கண்டு, உயர் நீதிமன்றத்தில் அவ்வழக்கை நீக்கக் கோருதல் ஒன்று. விண்ணப்பத்தில் வழக்கை மறைக்காதிருத்தல் மற்றொன்று; மறைத்தலே தனியொரு குற்றமாகக் கொள்ளப்பட்டு, சிறு வழக்கானாலும் பணி பறிபோகக்கூடும். கோபத்தில் கல்லெடுக்கும் இளைஞர் ஒருவர், தம் கைக்கு வரவிருந்த எழுதுகோலை எறிந்து விடுகிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பதவி ஏற்ற பின்

நம்மவர் ஒருவர் அதிகாரியானால் நம் குறை யாவும் தீரும் என்று நினைத்தல் பேதைமை. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் பழங்குடி மக்கள்மீது கொடுமை இழைத்தோரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்றையும் சேர்ந்தவர்கள் இருந்தனர். உயர் நீதிமன்ற ஆணைப்படி மத்தியப் புலனாய்வுத் துறை அவ்வழக்கை எடுத்து நடத்தியது. 2011-ஆம் ஆண்டு தருமபுரி நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. கொடுமை செய்தவரும் அரசு ஊழியர். ஆண்டுக்கணக்கில் சான்று திரட்டி உண்மையை நிலைநாட்டியவரும் அரசு ஊழியர். அதிகாரம் ஒன்றே, அதைக் கையாண்ட மனங்கள் வேறு.

ஆகவே, அதிகாரியாகும் நம் இளைஞரிடம் நாம் சலுகை கேட்கலாகாது. உறவினர் வழக்கை மறைக்கச் சொல்வதும், பகைவர் மீது பொய் வழக்குப் போடச் சொல்வதும், நம்மை நெடுங்காலம் வருத்திய அதே நோயை நாமே வளர்ப்பதாகும். நாம் அவரிடம் கேட்க வேண்டியது, சொன்னதைச் சொன்னபடி எழுதுதல். எழுதியதன் நகலைக் கொடுத்தல். குறித்த நாளில் புலனாய்வை முடித்தல். ஏழைக்கு இவை கிடைத்தாலே போதும்; சட்டம் தன் காலில் நடக்கும்.

கழகத்துக்கு வேண்டுகோள்

வெள்ளி விழாவை ஒட்டி நான்கு பணிகளைக் கழகம் மேற்கொள்ளலாம். நம் படிப்பகத்தில் இத்தேர்வுகளுக்குரிய நூல்களும் பழைய வினாத்தாள்களும் வைத்தல். மாலைதோறும் கூடிப் படிக்க ஏற்பாடு செய்தல். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களிலும், தாட்கோ வழியாகவும், சென்னையிலுள்ள அரசுக் குடிமைப் பணிப் பயிற்சி மையத்திலும் கட்டணமின்றிப் பயிற்சி கிடைப்பதை ஒவ்வொரு வீட்டுக்கும் அறிவித்தல். ஓய்வுபெற்ற காவலர்களும் வழக்கறிஞர்களும் கொண்ட சிறு குழு அமைத்து, ஓட்டப் பயிற்சிக்கும், மாணவர்மீது விழும் பொய் வழக்குகளுக்கும் துணை நிற்றல்.

இளைஞர்களே! காவல் நிலையத்தின் மேசைக்கு முன்னால் கைகட்டி நின்ற தலைமுறைகள் நம் பின்னால் இருக்கின்றன. அந்த மேசைக்குப் பின்னால் நீங்கள் அமரும் நாளில், உங்கள் முன் நிற்பவர் எச்சாதியினராயினும் முதலில் அவரை அமரச் சொல்லுங்கள். பிறகு எழுதுகோலை எடுங்கள்.