16 குண்டுகள்

2014-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் சிக்காகோ நகரில், லக்வான் மக்டானல்ட் என்னும் 17 வயதுப் பையன் கையிற் கத்தியுடன் தெருவிலே நடந்துகொண்டிருந்தான். கத்தியின் அலகு 3 அங்குலம். பின்தொடர்ந்த போலீஸார் சுடவில்லை; மின்னதிர்ச்சியால் ஆளை விழச்செய்யும் கருவி வரட்டுமென்று காத்திருந்தனர். அப்பொழுது காரில் வந்திறங்கிய ஜேசன் வான் டைக் என்ற காவலர் ஏறத்தாழ 6 விநாடியிற் சுடத் தொடங்கினார். 16 குண்டுகள்! பையன் கீழே சாய்ந்த பின்னரும் வேட்டு ஓயவில்லை.

அவன் கத்தியோடு பாய வந்தான் என்றே போலீஸ் தரப்பினர் முதலிற் கூறினர். போலீஸ் காரிலிருந்த காமிராவோ அவன் விலகி நடந்ததைப் பதிந்து வைத்திருந்தது. நீதிபதியின் உத்தரவால் அப்படம் வெளிவர 13 மாதங்கள் ஆயின. 2018-இல் ஜூரிகள் வான் டைக்கை இரண்டாந்தரக் கொலைக் குற்றவாளி என்றனர். தண்டனை ஆறே முக்கால் ஆண்டு.

கத்தி ஏந்தியவனைக் கண்டு போலீஸார் அஞ்சவே கூடாதென்று வாதாட நான் வரவில்லை. கத்தி உயிரைக் குடிக்கக் கூடியதே. என் பள்ளியில் ஒருமுறை மாணவனொருவன் பேனாக்கத்தியை விரித்துக்கொண்டு நின்றான். நான் இரண்டடி பின்வாங்கினேன். பயந்தேன் என்பதே உண்மை. எட்ட நின்றபடியே பேச்சுக் கொடுத்தேன். கால் மணி கழித்துக் கத்தியை மேஜைமேல் வைத்துவிட்டு அழுதான்.

சிக்காகோவில் மற்றக் காவலரும் அப்படி எட்ட நின்றுதான் காத்திருந்தனர். அதே கத்தியைக் கண்ட அவர்களில் ஒருவர்கூடச் சுடவில்லை.