காட்டுத் தேனீக்களுக்கும் ஒரு சாண் நிலம்



தில்லி மயூர் விஹாருக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட சில்லா காதர் வெள்ளச் சமவெளியில் உழவர்கள் நெடுங்காலமாகக் காய்கறி விளைவித்து வந்துள்ளனர். பூசணி, பீர்க்கு முதலியவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே மலர்கின்றன. பூச்சிகள் மகரந்தத்தைக் கொண்டு சேர்த்தாலன்றிக் காய் பிடிப்பதில்லை.

கத்தரியின் நிலை வேறு. அதன் மகரந்தம் சிறு துளை வழியாகவே வெளிப்படும். உடலை அதிரச் செய்து அதனை உதிர்க்கும் ஆற்றல் கருவண்டு, நீலப் பட்டைத் தேனீ போன்ற காட்டினங்களுக்கு உண்டு. பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இல்லை. 2020இல் தொடங்கப்பெற்ற தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கம் பயனுள்ளதே. ஆயினும் பெட்டிகள் மட்டும் போதா.

தேனீ இனங்களுள் பெரும்பாலானவை மண்ணில் வளை தோண்டி வாழ்பவை. கருவண்டு பட்ட மரத்தைத் துளைத்துக் குடியேறும். பூங்காத் தரை முழுவதும் சிமெண்டு பூசுவதும், காய்ந்த கிளைகளை ஒன்றுவிடாமல் அகற்றுவதும், வரப்புப் பூக்களைக் களையென அழிப்பதும் அவற்றின் குடியிருப்பை இடிப்பதாகும்.

இவற்றைக் காக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பூங்காவின் மூலையில் சிறிது வெற்று மண், சில காய்ந்த கட்டைகள், பருவந்தோறும் பூக்கும் நாட்டுச் செடிகள், பயிர் பூத்திருக்கையில் பூச்சிமருந்து தெளிக்காத கட்டுப்பாடு ஆகியவை போதும். கூலி பெறாத இவ்வுழைப்பு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை. அது நின்றுபோகுமாயின், இழப்பு உழவரின் கணக்கில்தான் ஏறும்.