சேறும் நம் ஊரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

    

மேடையேறிப் பேசும் அளவுக்குக் கல்வி பெற்றவர் அல்லோம் யாம். பள்ளி இறுதி வகுப்போடு எம் படிப்பு நின்றது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வேச் சரக்கு அலுவலகத்தில் ரசீதும் பேரேடும் எழுதுவதே தொழில். ஆயினும் செயற்குழுவினர் எம்மை அழைத்து, "நீர் கண்டல் மரங்களைப் பற்றி ஓயாது பேசுகிறீரே, அதை விழா மேடையிலேயே பேசிவிடும்" என்று பணித்தனர். விளையாட்டாகச் சொன்னார்களோ, மெய்யாகச் சொன்னார்களோ, அறியோம். யாம் மெய்யென்றே எடுத்துக்கொண்டோம்.

இப்பேச்சின் காரணம் உங்களுக்குத் தெரியும். நம் குடியிருப்பின் பின்புறம், காயலை ஒட்டி, அரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவான சேற்று நிலம் கிடக்கிறது. அதில் இடிபாடுகளைக் கொட்டி மேடாக்கி, சங்கத்துக்கு ஒரு மண்டபம் எழுப்ப வேண்டும் என்பது பலருடைய விருப்பம். அதற்கென ஒரு விண்ணப்பமும் எழுதப்பெற்று, அடுத்த பொதுக்குழுவில் கையொப்பத்துக்கு வரவிருக்கிறது. அதை எழுதியவர் யார்? இதோ உங்கள் முன் நிற்கும் யாமே. "பயனற்ற சதுப்பு, கொசுவுக்கும் பாம்புக்கும் உறைவிடம்" என்று எழுதியதும் எம் கையே. அச்சொற்களைத் திரும்பப் பெறுதற்கே இன்று நிற்கிறோம்.

அந்நிலத்தின் வடமூலையில் முன்னரே எவரோ சில லாரி மண் கொட்டிச் சென்றனர். ஒரு மூலையேனும் மேடாயிற்றே என்று யாம் மகிழ்ந்தோம். அடுத்து வந்த மார்கழி அமாவாசையில் ஓதம் ஏறியபோது கடைசி வரிசை வீடுகளின் முற்றத்தில் கணுக்கால் அளவுக்கு உப்புநீர் நின்றது. அவ்வரிசையில் எம் வீடும் ஒன்று. வீட்டார் அரிசி மூட்டையைக் கட்டிலின்மேல் ஏற்றிக்கொண்டிருந்த வேளையில், சீனவலைப் பக்கம் தொழில் செய்யும் முதியவர் ஒருவர் தோணியில் அவ்வழியே வந்தார். அவர் மலையாளத்தில் கூறியதன் பொருள் இது: "சாரே, காயலுடைய திண்ணையை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அது உங்கள் திண்ணைக்கு வந்திருக்கிறது."

இரயில்வேக்காரராகிய நமக்கு இது விளங்காத செய்தியன்று. எதிர் வண்டி வரும்போது ஒரு வண்டி ஒதுங்கி நிற்க லூப் லைன் வேண்டும். அத்தண்டவாளத்தில் பகலெல்லாம் வண்டியே நிற்கவில்லை என்பதற்காக அதைப் பெயர்த்தெடுக்கும் அறிவாளி எவருமில்லை. சேற்று நிலம் ஓதத்துக்கு லூப் லைன். ஆறு மணி நேரம் வெறுமையாகக் கிடப்பதாலேயே அது பயனற்றதாகிவிடாது.

நாம் வாழும் இக்கரையின் பிறப்பே சேற்றிலிருந்துதான். 1341ஆம் ஆண்டு பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து, முசிறித் துறை தூர்ந்து, கொச்சியின் கடல்வாய் திறந்தது என்று வழிவழியாகக் கூறுவர். அவ்வெள்ளம் கொணர்ந்த மண் படிந்து உண்டானதே நமக்கு எதிர்க்கரையிலுள்ள வைப்பின் தீவு. கடல் வைத்த வைப்பு ஆதலின் அப்பெயர் என்பர். அதன் தோற்றத்தை முதலாகக் கொண்டு 'புதுவைப்பு' என்றோர் ஆண்டுக் கணக்கும் இந்நாட்டில் வழங்கிற்று. மன்னர் முடிசூடிய நாளிலிருந்து ஆண்டு எண்ணிய நாடுகள் பல. சேறு படிந்த நாளிலிருந்து ஆண்டு எண்ணிய நாடு இது.

அச்சேற்றைப் பற்றி நிற்பவை கண்டல் மரங்கள். இச்சொல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொது. சங்கப் புலவர் பாடிய நெய்தல் நிலத்தில் தாழையோடும் புன்னையோடும் கண்டலும் நிற்கிறது. நம் கொல்லைப்புறத்தில் நிற்கும் மற்றொரு மரத்தை நீங்கள் எல்லோரும் வணங்கியிருக்கிறீர்கள் என்று சொன்னால் வியப்பீர்கள். பால் தெறித்தால் கண் போகும் என்று குழந்தைகளை நாம் விலக்கி வைக்கும் அம்மரத்தை இவ்வூரார் கண்ணாம்பொட்டி என்பர். தமிழில் அதன் பெயர் தில்லை! சிதம்பரத்தின் தலமரம் அதுவே. அங்குச் சென்று தில்லைவாழ் கூத்தனைக் கைதொழுது திரும்பும் நாம், இங்குத் தில்லை மரத்தின் மேல் இடிபாடு கொட்ட விண்ணப்பம் எழுதினோம்.

இனி, அச்சேற்றின் இயல்பைச் சிறிது கேளுங்கள். அது ஏன் நாறுகிறது? எப்போதும் நீர் தோய்ந்து கிடப்பதால் அதனுள் காற்றுப் புகுவதில்லை. காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் கடல்நீரிலுள்ள கந்தக உப்பைக் கொண்டு மட்கிய இலைகளை உண்கின்றன. அப்போது அழுகிய முட்டையின் நாற்றமுள்ள ஆவி எழுகிறது. காற்றில்லாத இடத்தில் இலையும் வேரும் முற்ற மட்குவதில்லை. ஆதலின் மரம் வானத்திலிருந்து ஈர்த்த கரி, நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுள்ளேயே புதைந்து கிடக்கிறது. புவி வெப்பம் பெருகிவரும் இந்நாளில் உலகம் முழுதும் அறிஞர்கள் கண்டலை நாடி வருவதற்கு இது ஒரு காரணம்.

அத்தகைய மண்ணில் வேறு மரம் மூச்சுத் திணறி மாயும். உப்பட்டி என்னும் கண்டலோ தன் வேர்களிலிருந்து பென்சில் முனை போன்ற மூச்சுவேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டிக் காற்றை வாங்குகிறது. அதன் இலையை நாவில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலைவழியே கக்கிவிடுகிறது. சுரபுன்னையோ பந்தற்கால் போல் வேர் ஊன்றி நிற்கிறது. அதன் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, நீண்டு, பின்னரே நீரில் விழுகிறது. ஓதம் கொண்டு சேர்த்த கரையில் வேர் விடுகிறது. தஞ்சையிலும் நெல்லையிலும் முளைத்து, பிழைப்பென்னும் ஓதத்தால் மட்டாஞ்சேரிக் கரை சேர்ந்த நமக்கு அவ்விதையின் வரலாறு புதிதன்று.

விழுந்த இலைகளை நண்டு கிழிக்கிறது, நுண்ணுயிர் உண்கிறது, அவற்றை இறால் குஞ்சும் மீன் குஞ்சும் தின்று வளர்கின்றன. வேர்க்கூட்டத்தினுள் பெரிய மீன் நுழையாது. ஆதலின் அது காயலின் தொட்டில். ஞாயிற்றுக்கிழமை நாம் பேரம் பேசி வாங்கும் இறாலும் கரிமீனும் இத்தகைய ஓரங்களை அண்டி வளர்பவை.

சேற்றைப் புண்படுத்தினால் யாது நேரும்? இதற்குப் பிச்சாவரமே சான்று. சிதம்பரத்து உறவினர் வீட்டுத் திருமணத்துக்குச் சென்றபோது யாம் அங்குப் படகில் போய் வந்தோம். ஆங்கிலேயர் காலந்தொட்டு 1970கள் வரை அக்காட்டைப் பத்தி பத்தியாக முற்ற வெட்டினர். வெட்டிய இடத்தில் மரம் தானே வளரும் என்று எண்ணினர். வளரவில்லை. நிழலிழந்த சேறு வெயிலில் நீரை இழந்து அமிழ்ந்து, தட்டுப்போல் குழிந்தது. ஏறிய ஓதநீர் இறங்க வழியின்றித் தேங்கி வற்றிற்று. உப்பு மிகுந்தது. கண்டலும் தாங்காத உப்பு அது! 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையாரும் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதம் வந்துபோக வழி செய்து, பின்னரே நாற்று நட்டனர். காடு மீண்டது. மரம் நடுவதற்கு முன் நீருக்கு வழிவிட வேண்டும் என்பதே அங்கு யாம் கற்ற பாடம்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, அப்பக்கத்தில் கண்டலுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைந்தது என்று ஆய்வாளர் சிலர் எழுதினர். ஊரின் உயரமும் கடலிலிருந்த தொலைவுமே காத்தன என்று வேறு சிலர் மறுத்தனர். அவ்வழக்கைத் தீர்க்க எம்மால் இயலாது. நாள்தோறும் வரும் சிற்றலையைத் தணித்துக் கரை கரையாது பிடிப்பதில் கண்டலுக்கு நிகரில்லை என்பது மட்டும் வெளிப்படை.

இந்திய வன அளவைத் துறையின் 2021ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டின் கண்டற்காடு 4,992 சதுர கிலோமீட்டர். தமிழகத்தில் 45. கேரளத்தில் 9 மட்டுமே. எர்ணாகுளத்தின் நடுவே, 1902இல் திறந்த பழைய இரயில் நிலையத்தை அடுத்து, மங்களவனம் இருக்கிறது. 2004இல் பறவைகள் சரணாலயம் ஆன அதன் பரப்பு 3 எக்டேரும் இல்லை. நம் தண்டவாளத்தின் ஓரத்திலேயே தப்பிப் பிழைத்த காடு அது. கண்ணூர் மாவட்டத்துப் பழயங்காடியில் கல்லேன் பொக்குடன் என்னும் ஏழைத் தொழிலாளி 1989 முதல் தம் கையால் கண்டல் நட்டார். 2015இல் அவர் மறைந்தபோது கேரளம் அவரைக் 'கண்டல் பொக்குடன்' என்றே அழைத்தது. பெரும் படிப்போ பதவியோ அவருக்கு இல்லை. நமக்கும் இல்லை.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: "1920இல் வந்த இராபர்ட் பிரிஸ்டோ சேற்றைத் தோண்டிக் கொட்டித்தானே வில்லிங்டன் தீவை ஆக்கினார்? அத்தீவால்தானே நம் குடும்பங்கள் பிழைத்தன?" நல்ல கேள்வி. நாம் அவ்வுப்பை உண்டவர்களே. ஆனால் அவர் ஓதத்தையும் நீரோட்டத்தையும் ஆராய்ந்த பின் தோண்டினார். நாமோ ஒன்றையும் ஆராயாது கொட்டப் பார்க்கிறோம்.

கொசுவைப் பற்றியும் கேட்பீர்கள். கொச்சியில் நம்மைக் கடிக்கும் கொசு பெரும்பாலும் அடைபட்ட சாக்கடையின் அழுக்கு நீரில் பிறப்பது. ஓதம் நாள்தோறும் ஏறி இறங்கும் நீரில் புழுவை மீன் தின்னும். கொசுவை ஒழிக்க வேண்டின் நம் சாக்கடை அடைப்பை எடுப்போம். சட்டமும் ஒன்று உண்டு. 1991 முதல் கடற்கரை ஒழுங்காற்று விதிகள் கண்டல் நிலத்தைக் காக்கின்றன. இவ்விதிகளை மீறியதற்காக மரடில் எழும்பிய நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை உச்சநீதிமன்ற ஆணைப்படி 2020 ஜனவரி 11, 12 நாள்களில் வெடிவைத்துத் தகர்த்ததை நாமெல்லாம் கேட்டோம், பார்த்தோம். வீடிழந்தோர் கண்ணீரையும் கண்டோம்.

ஆகவே, பெரியோர்களே, எம் வேண்டுகோள் மூன்று. அவ்விண்ணப்பத்தைக் கைவிடுவோம். வடமூலையில் கொட்டிய மண்ணை அள்ள, உரிய அலுவலகத்தின் ஒப்புதலைக் கேட்டு, வேறொரு விண்ணப்பம் எழுதுவோம். அதையும் யாமே எழுதித் தருகிறோம். மண்டபத்தை, இப்போதுள்ள நம் படிப்பகத்தின் மேல் ஒரு மாடியாகக் கட்டுவோம். அதற்கு எம் ஒரு மாதச் சம்பளத்தை முதற் கொடையாக இம்மேடையிலேயே அறிவிக்கிறோம்.

வந்த ஊரில் நமக்கு இடம் கொடுத்தனர். காயலுக்கு அதன் இடத்தை விட்டுக்கொடுப்பது நாம் செய்யும் கைம்மாறு.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!