மரம் அக்கரையில் இருக்க, மேசை ஏன் பாலம் கடக்கவேண்டும்?

(‘அக்கரையில் வாங்கிய ஓய்வு வீட்டுக்கு அறைகலன்: இங்கிருந்து கொண்டுபோவதா, அங்கேயே வாங்குவதா?’ என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், ‘அங்கேயே வாங்குவதே சிறப்பு’ என்ற அணியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன்னால் பேசிய சகோதரி அருமையாகப் பேசினார். “ஜோகூரில் வீடு வாங்கியதே பெரிய செலவு. வீவக வீட்டில் இருக்கும் பழைய சோபா இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது? அதை ஒரு லாரியில் ஏற்றி அனுப்பினால் காசு மிச்சம்” என்றார். அரங்கமே கைதட்டியது. நானும் கைதட்டினேன். சிக்கனம் என்றால் கைதட்டாத தமிழன் உண்டா? ஆனால், கைதட்டி முடித்தபிறகு கணக்குப் பார்க்கவேண்டும். அந்தக் கணக்கைத்தான் இப்போது உங்கள் முன் வைக்கப்போகிறேன்.

முதலில், நாம் எந்த வீட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். குடியிருக்கும் வீட்டைப் பற்றி அல்ல. வார இறுதிக்கும், பள்ளி விடுமுறைக்கும், தீபாவளிக்கு மறுநாளும் போய்த் தங்கும் வீடு. ஜோகூர் பாருவில் ஒரு தரைவீடு, மலாக்காவில் ஓர் அடுக்குமாடி வீடு, போர்ட்டிக்சனில் கடலைப் பார்த்த ஒரு வீடு. 1924-இல் கடற்பாலமும் 1998-இல் துவாசிலிருந்து இரண்டாம் இணைப்பும் வந்ததால் நமக்குக் கைக்கெட்டிய வீடு. மாதத்தில் நான்கு நாள் நாம் இருப்போம். மீதி இருபத்தாறு நாள் அங்கே இருப்பது யார்? பூட்டு!

நடுவர் அவர்களே, பூட்டிய வீட்டுக்கு ஒரு குணம் உண்டு. காற்று ஓடாது. வெப்பம் ஏறும். மழை பெய்தால் சுவர் ஈரம் இழுக்கும். மனிதர் நடமாடும் வீட்டில் பத்து வருடம் உழைக்கும் சோபா, பூட்டிய வீட்டில் இரண்டு மூன்று வருடத்தில் தோல் உரிக்கத் தொடங்கும். ‘தோல் சோபா’ என்று நாம் வாங்குவதில் பெரும்பாலானவை மாட்டுத்தோல் அல்ல. துணியின்மேல் செயற்கைப் பூச்சு. சூடும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு சிதைந்து செதில் செதிலாக உதிரும். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, ஆசையாகக் கொண்டுபோன கறுப்புச் சோபாவில் உட்கார்ந்து எழுந்தால் வெள்ளைச் சட்டையில் கறுப்புச் செதில் ஒட்டுகிறது. விருந்தாளிக்குக் காப்பி கொடுப்பதற்கு முன்னால் துண்டு கொடுக்கிறார்கள்! (சிரிப்பு)

அடுத்தது, மரத்தூள் பலகையில் செய்த அலமாரி. இங்கே குளிர்சாதன அறையில் அது ராஜா. அங்கே ஈரத்தை உறிஞ்சி வீங்கும், கதவு சாத்தாது, திருகாணி பிடிக்காது. மேலும், அந்த வகை அலமாரியை ஒருமுறை பிரித்துப் பூட்டினாலே பிடிமானம் பாதி போய்விடும். பிரித்து, லாரியில் ஏற்றி, பாலம் கடந்து, மறுபடியும் பூட்டுகிறோம். அதன் ஆயுளை நாமே கையெழுத்துப் போட்டு முடித்துவைக்கிறோம்.

இதற்குமேல் லாரி வாடகை உண்டு. ஆள் கூலி உண்டு. சுங்கத்தில் காட்டப் பட்டியல் எழுதவேண்டும். அதிகாரி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், பழைய சோபா இலவசமா?

இன்னொரு வேடிக்கையையும் சொல்கிறேன். நம் சிங்கப்பூர்க் கடைகளில் மர மேசை வாங்குகிறோமே, அதன் அடியில் குனிந்து பாருங்கள். பலவற்றில் ‘மலேசியாவில் தயாரிக்கப்பட்டது’ என்று இருக்கும். அக்கரையில் செய்து, பாலம் கடந்து வந்து, இங்கே கடை வாடகை சேர்ந்த விலைக்கு விற்று, நாம் வாங்கி, மறுபடியும் பாலம் கடந்து கொண்டுபோகிறோம். அந்த மேசையின் பயணச் செலவு முழுவதும் நம் பையிலிருந்து!

அந்த மேசை எங்கே பிறக்கிறது தெரியுமா? பெரும்பாலும் மூவாரில். ஜோகூர் மாநிலத்தின் வடமேற்கில், மலாக்காவுக்குப் போகும் வழியில், மூவார் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள ஊர். மலேசியாவின் அறைகலன் ஏற்றுமதியில் பெரும்பங்கு அந்த வட்டாரத்திலிருந்துதான் போகிறது. ஊருக்கு வெளியே பக்ரி பக்கம் போனால் வரிசையாகத் தொழிற்சாலைகளையும் கிடங்குகளையும் பார்க்கலாம். சின்னக் குடும்பப் பட்டறைகளாகத் தொடங்கி, இன்று அமெரிக்காவுக்குக் கட்டில் அனுப்பும் நிலைக்கு உயர்ந்த ஊர் அது. அமெரிக்காக்காரன் கடல் கடந்து அங்கிருந்து கட்டில் வாங்குகிறான். இரண்டு மூன்று மணி நேரம் காரில் போனால் எட்டும் ஊரில் வாங்க நமக்கு யோசனை!

சரி, எந்த மரத்தில் செய்கிறார்கள்? இந்த இடத்தில்தான், பெரியோர்களே, நான் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன். பெரும்பகுதி ரப்பர் மரம். நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லும் பெயரில் சொன்னால், பால்மரம்.

1877-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் நம் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. அந்தப் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி, மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அதன்பிறகு மலாயா முழுவதும் தோட்டங்கள். அந்தத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்கள் யார் என்று இந்த அரங்கத்துக்கு நான் சொல்லவேண்டியதில்லை. விடியுமுன் பேரட்டுக்கு நின்றவர்கள், உளியும் வாளியுமாக நிரை நிரையாக நடந்தவர்கள், மங்கில் சொட்டிய பாலைப் பார்த்துக் கூலியைக் கணக்கிட்டவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. ‘மரம் வெட்டப் போகிறேன்’ என்றால் தோட்டத்துத் தமிழில் பால் எடுக்கப் போகிறேன் என்று பொருள். லாபிசிலும் குளுவாங்கிலும் சிகாமட்டிலும் பிறந்த ஒருவர் உங்கள் பக்கத்து இருக்கையிலேயே இருக்கலாம்.

பால்மரம் இருபத்தைந்து, முப்பது வருடத்தில் ஓய்ந்துவிடும். அப்போது அதைச் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று நடுவார்கள். சாய்த்த மரத்துக்கு முன்பு என்ன மதிப்பு? விறகு மதிப்பு. செங்கல் சூளைக்கும் கரி சுடுவதற்கும் போனது. காரணம், அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். அறுத்துப் போட்ட சில நாளிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாயும். வண்டு துளைத்து மாவாக்கும். பிறகு ஆய்வாளர்கள் வழி கண்டார்கள். கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்துக்கு அதில் பங்கு உண்டு. அறுத்த கையோடு போரான் மருந்தை மரத்துக்குள் ஏற்றி, சூளையில் உலர்த்தினால் அது நல்ல மேசைப் பலகை. 1980-களில் இது பெரிய தொழிலாக வளர்ந்தது. அடுப்புக்குப் போன மரம் ஆசனமாக மாறியது.

நான் கதை விடமாட்டேன். இன்று சாய்க்கும் மரங்கள் பெரும்பாலும் சிறுதோட்டக்காரர்களின் மரங்கள். உங்கள் தாத்தா பால் எடுத்த அதே மரத்தில் உங்கள் நாற்காலி செய்யப்பட்டது என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள்! ஆனால், இந்த மண்ணில் அந்தத் தொழில் நிமிர்ந்ததில் நம்மவர் முதுகு வளைந்தது என்பது உண்மை. தோட்டத்து லயத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்தவர்களின் பேரப்பிள்ளைகள், அதே மாநிலத்தில் சொந்த வீட்டில், அந்த மரத்தில் செய்த மேசையைப் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவதற்கு ஒரு பொருள் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, தூக்கி எறிய மனம் வராத சாமானைக் கொண்டுபோய்க் குவித்தால், வாங்கியது வீடா, கிடங்கா?

எதிரணியின் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாகவேண்டும். “செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கடல் கடந்து வந்தவைதானே? கொண்டுபோய் வைப்பது நம் மரபு” என்றார்கள். நல்ல கேள்வி. ஆனால் பாதி வீட்டைத்தான் பார்த்திருக்கிறார்கள். அந்த வறண்ட பூமியில் தேக்கு விளையாது, அதனால் கொண்டுவந்தார்கள். காலடியில் என்ன பதித்தார்கள்? பக்கத்து ஆத்தங்குடியில் கையால் வார்த்த ஓடு. சுவரில் என்ன பூசினார்கள்? உள்ளூர்க் கொத்தனார் அரைத்த சுண்ணாம்பு. இல்லாததைக் கொண்டுபோனார்கள், இருப்பதை அங்கேயே வாங்கினார்கள். ஜோகூரில் மரம் இல்லையா, பிரம்பு இல்லையா, தச்சர் இல்லையா?

இனி, வாங்கப்போகும் நேயர்களுக்காக நாலு உபயோகமான விஷயங்களைச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். முதலில் ஒரு மெத்தை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. இரண்டு மூன்று வார இறுதி தங்கிப் பாருங்கள். சாயங்கால வெயில் எந்தச் சன்னலில் அடிக்கிறது, சாரல் எதுவரை வருகிறது என்று வீடே சொல்லும். பிறகு அளவெடுத்துக்கொண்டு ‘பெராபோட்’ என்று பலகை தொங்கும் கடைக்குப் போங்கள். வாசற்கதவின் அகலத்தையும் மறக்காமல் அளந்துகொள்ளுங்கள்.

ரப்பர் மரம் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நல்லது. மழை படும் வாசலுக்கு ஆகாது. வெளியே போடச் செங்கால் போன்ற வன்மரம் பாருங்கள். தண்ணீர் புழங்கும் சமையற்கட்டுக்கு அலுமினிய அலமாரி அங்கே எளிதாகக் கிடைக்கும், கரையானும் தொடாது. உட்காருவதற்குப் பிரம்பு நாற்காலியும் கழற்றித் துவைக்கும் உறை போட்ட மெத்தையும் போதும், காற்றோட்டம் இருக்கும். உறைக்கும் திரைக்கும் துணி வேண்டுமா? மூவாருக்குப் பக்கத்தில் தங்காக் என்ற ஊர் துணிக் கடைகளுக்கே பெயர் பெற்றது.

கடையில் முகப்பைப் பார்த்து மயங்காதீர்கள். இழுப்பறையை வெளியே இழுத்து, அடிப்பக்கத்தைப் பாருங்கள். முழு மரமா, மேலே தாள் ஒட்டிய பலகையா என்று கேளுங்கள். ஊசித்துளையும் அதன் கீழே மாவுத்தூளும் தெரிந்தால் நகர்ந்துவிடுங்கள். முன்பணம் கொடுத்தால் பொருளின் பெயர், மரத்தின் பெயர், கொண்டுவரும் நாள் மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். வீட்டில் போடும்போது சுவரை ஒட்டிப் போடாமல் ஒரு கை நுழையும் இடம் விடுங்கள். தரையோடு படியும் சாமானைவிடக் கால் உள்ள சாமான் நல்லது. கரையான் வந்தாலும் கண்ணில் படும்.

கடைசியாக ஒன்று. இதுதான் எனக்கு முக்கியம். இங்கிருந்து லாரியில் போகும் சாமானோடு ஒரு மனிதரும் அறிமுகமாவதில்லை. அங்கே வாங்கினால் கடைக்காரர் தெரிகிறார். கொண்டுவந்து இறக்கும் பையன் நம் வீட்டு வாசலைத் தெரிந்துகொள்கிறான். நாற்காலிக் கால் ஆடினால் கூப்பிட ஒரு தச்சர் கிடைக்கிறார். எந்தக் கடை நல்ல கடை என்று கேட்கப் போய், பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தோடு பேச்சு தொடங்குகிறது. மாதத்தில் இருபத்தாறு நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டை யார் பார்த்துக்கொள்வார்கள்? இவர்கள்தாம். கூரை ஒழுகினாலும், கதவு திறந்து கிடந்தாலும் தொலைபேசியில் முதலில் அழைப்பது அவர்கள். எந்தப் பூட்டும் தராத காவல் அது. அந்த ஊரில் நம் காசில் கொஞ்சம் செலவழித்தால்தான் அந்த ஊருக்கு நாம் விருந்தாளியாக இல்லாமல் அண்டை வீட்டுக்காரராக ஆவோம்.

அதற்காக எதையும் கொண்டுபோகக்கூடாது என்று சொல்ல நான் பிடிவாதக்காரன் அல்லன். சாமி படத்தைக் கொண்டுபோங்கள். அம்மாவின் குத்துவிளக்கைக் கொண்டுபோங்கள். பாட்டி வைத்துவிட்டுப் போன பித்தளைச் சொம்பைக் கொண்டுபோங்கள். அவை எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆனால், அந்த விளக்கை வைக்க ஒரு பலகை வேண்டும் அல்லவா? அந்தப் பலகையை அந்த ஊர்த் தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்ளுங்கள் என்பதே எங்கள் அணியின் வாதம்.

ஆகவே நடுவர் அவர்களே, காசுக் கணக்குப் பார்த்தாலும், காலநிலை பார்த்தாலும், உறவு பார்த்தாலும், ஓய்வு வீட்டுக்கு அறைகலன் அந்த ஊரிலேயே வாங்குவதுதான் சிறப்பு என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.