வழிநடைப் பாத்தியம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்குக் கொடுத்த தலைப்பு 'இன்றைய கிராம வாழ்க்கை'. பத்து நிமிஷத்துக்கு மேல் மைக் கிடையாது என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் நம்ம வல்லம் ஒன்றியத்து ஊர்களில் நடக்கிற ஒரே ஒரு சங்கதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கயினிக்கும் கொல்லைக்கும் போகிற வழி. ஏட்டில் 'கழனி' என்று எழுதுவோம். எங்க வாயில் அது கயினிதான், மன்னிக்கணும்.

எங்க ஊர் திண்டிவனம் – செஞ்சி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. நான் படித்தபோது மெயின் ரோடு வரைக்கும் நடை, அப்புறம் பஸ். பஸ் நிற்காமல் போய்விட்டால் முதல் பீரியட் போச்சு. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை உண்டு. பிறகு நிலைமை மாறியது. 1993-ல் தென்னாற்காடு பிரிந்து விழுப்புரம் மாவட்டம் வந்தது. 1997-ல் மினி பஸ் திட்டம் வந்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது; கீரைக்கட்டோடு மார்க்கெட்டுக்குப் போகிற அம்மாவைக் கேட்டால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லுவாங்க. ஊருக்கு வருகிற வழி நல்லாவே ஆகிவிட்டது. ஊரிலிருந்து நிலத்துக்குப் போகிற வழிதான் வருஷத்துக்கு வருஷம் குறுகிக்கொண்டே போகிறது.

கிராமத்தில் இரண்டு விதமான வழி உண்டு. ஒன்று, வண்டிப்பாதைப் புறம்போக்கு. அதற்குத் தனி சர்வே நம்பர் இருக்கும், 'அ' பதிவேட்டில் இருக்கும். அதை யாராவது உழுது சேர்த்துக்கொண்டால் தாசில்தாரிடம் மனு கொடுக்கலாம். இன்னொன்று மாமூல் வழி. உங்க பட்டா நிலத்து வரப்பு ஓரமாக நான் போவேன், என் கொல்லை வழியாக இன்னொருத்தர் போவார். தாத்தா காலத்து ஏற்பாடு. சில இடங்களில் புலப்படத்தில் புள்ளிக்கோடாக இருக்கும். பட்டாவில் இருக்காது. தனியாகப் பத்திரம் போட்டுப் பதிவு செய்திருந்தால் ஒழிய வில்லங்கச் சான்றிலும் வராது.

முன்பு அதெல்லாம் கர்ணத்துக்கு மனப்பாடம். 1980 நவம்பரில் கர்ணம், மணியக்காரர் பதவிகள் போயின. பரம்பரை அதிகாரம் போனது நல்லதுதான். அவர்கள் செய்த அட்டகாசமும் கொஞ்சமில்லை. ஆனால் யார் எந்தப் பக்கமாக ஏர் ஓட்டிப் போவார் என்கிற கணக்கும் அவர்களோடு போய்விட்டது. அதை ஒட்டி யு.டி.ஆர். வந்து காணி, குழி எல்லாம் ஹெக்டேர், ஏர்ஸ் ஆனது. ஒரு காணி என்றால் 1 ஏக்கர் 32 சென்ட்; இப்போது பட்டாவில் ஐம்பத்து மூன்றரை ஏர்ஸ். எங்க பெரியப்பா கடைசி வரைக்கும் ஏர்ஸை நம்பவில்லை.

எங்க பக்கத்து ஊரில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். அண்ணன் ஊரில், தம்பி சென்னையில். பாகப்பிரிவினையில் ரோட்டை ஒட்டிய முன்பக்கக் காணி தம்பிக்கு, கிணற்றோடு சேர்ந்த பின்பக்கம் அண்ணனுக்கு. தம்பி நிலத்தின் ஓரமாகத்தான் அண்ணன் வண்டி ஓட்டுவார். தம்பி மகள் படிப்புக்காக விற்றார். அதில் தப்பே இல்லை. வாங்கியவர் கல்தூண் நட்டு முள்கம்பி போட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவர் பத்திரத்தில் வழி என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த வருஷம் அண்ணனுடைய மல்லாட்டை மூட்டை அத்தனையும் ஆள் தலையில் வரப்பு வரப்பாக வெளியே வந்தது. நெல்லுக்கு அறுவடை மெஷின் உள்ளே போக முடியவில்லை. மாட்டுவண்டிக்கு ஏழெட்டு அடி போதும்; மெஷினுக்கு அது பத்தாது.

நான் பேசப் போனபோது அண்ணன் சொன்னது இதுதான்: "தம்பி மேல எனக்குக் கோவம் இல்லப்பா. நான் எந்தப் பக்கமா கயினிக்குப் போறேன்னே அவனுக்கு மறந்து போச்சு."

அப்புறம் இரண்டு பட்டம் கழித்துத்தான் தீர்ந்தது. தம்பியே வந்து, வாங்கியவரிடம் பேசி, பன்னிரண்டு அடி அகலத்துக்கு விலை கொடுத்து அண்ணன் பேருக்குப் பதிவு செய்துகொடுத்தார். விற்கிற பத்திரத்திலேயே ஒரு வரி எழுதியிருந்தால் அந்தச் செலவு மிச்சம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் இன்றைக்கும் இருக்கிறது. இருபது வருஷம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையாக நடந்த வழிக்குப் பாத்தியம் உண்டு. ஒரே சொத்தைப் பிரித்துக்கொள்ளும்போது ஒரு பங்குக்கு வேறு வழியே இல்லை என்றால், மற்றப் பங்கின் வழியாகப் போகிற அவசிய உரிமையும் உண்டு. ஆனால் ஒன்று கவனிக்கணும். அந்த இருபது வருஷக் கணக்கு, வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் வந்து முடிய வேண்டும். 'போகட்டும், பேசிப் பார்ப்போம்' என்று நாலு வருஷம் விட்டால் கஷ்டம். இங்கிலாந்தில் 1949-ல் சட்டம் போட்டு ஊர் ஊராக நடைபாதைகளை வரைபடத்தில் ஏற்றினார்கள். நமக்கு அப்படி ஒன்று இல்லை. நடந்தவரே சாட்சி.

இதில் ரொம்ப மோசம் சுடுகாட்டு வழி. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் நிலத்துக்குள் வழி விடாததால் தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கியதை நாடே பார்த்தது. நம்ம பக்கம் அப்படியெல்லாம் இல்லை என்று யாரும் இந்த மேடையில் சொல்லிவிட வேண்டாம். மழைக்காலத்தில் காலனி ஜனங்கள் நெல் வயலுக்குள் பாடை தூக்கிப் போகிற ஊர்கள் எவை எவை என்று நமக்கெல்லாம் தெரியும்.

கிணறும் இதே கதைதான். 1990-லிருந்து எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம். ஆனால் சர்வீஸ் ஒருத்தர் பேரில், பங்காளி நாலு பேர், முறை வைத்து மோட்டார் போடுவார்கள். அந்தப் பேர் உடையவர் காலமாகி இருபது வருஷம் ஆகியிருக்கும். பேர் மாற்ற எல்லா வாரிசும் கையெழுத்துப் போடணும். அதில் ஒருத்தர் துபாயில், ஒருத்தர் பெங்களூரில். இந்தக் கையெழுத்துக்குத்தான் ஊரில் இருப்பவர் உங்களுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்கிறார், நண்பர்களே. கடன் கேட்க அல்ல.

தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. 1989-ல் தமிழ்நாட்டுச் சட்டம் கூட்டுக்குடும்பச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு கொடுத்தது, அந்த மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டு. 2005-ல் மத்திய சட்டம் அந்தத் தடையை எடுத்தது. அப்போது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முன்பே, 2004 டிசம்பர் 20-க்குள், முறையாகப் பதிவான பாகப்பிரிவினையை இது தொடாது. அண்ணன் 'இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா' என்று விடுதலைப் பத்திரத்தை நீட்டினால், படித்துப் பார்த்துப் போடுங்கள். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

வெளியூரில் இருப்பவர்கள் விற்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அவரவர் கஷ்டம் அவரவருக்கு. விற்பதற்கு முன்னால் பின்நிலத்துக்காரரை ஒரு வார்த்தை கேளுங்கள். சொத்து விவரத்தில் வழி எந்தத் திசையில், எத்தனை அடி அகலம், யாருக்கெல்லாம் பாத்தியம் என்று அளந்து எழுதுங்கள். 'மாமூல் வழிநடை பாத்தியம் உட்பட' என்று மட்டும் எழுதினால் கோர்ட்டில் அதற்கு ஆளுக்கு ஒரு அர்த்தம் சொல்லுவார்கள்.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் எல்லாம் இப்போது செல்போனிலேயே வருகிறது. வருகிற பொங்கல் லீவில் அதை எடுத்துக்கொண்டு தாத்தாவோடு ஒரு நாள் நிலத்தைச் சுற்றி நடந்து வாருங்கள். எந்த வரப்பில் யார் போவார் என்று அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்ளுங்கள், தேதி போட்டு.

செயலாளர் மணியடித்துவிட்டார். பட்டா நகல் கையில் வைத்திருப்பவர்கள் சாப்பாட்டுக்கு அப்புறம் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம். கண்ணாடி கொண்டுவந்திருக்கிறேன்.